வெயிலும் நமது வாலிபரும்

மார்க்கையன்கோட்டை வயல்களில் நாற்று நடும் ஸ்திரீகளைக் கண்டவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் குனிந்து நிற்கிறார்கள். புற ஊதாக் கிரணம் என்ற சொல்லை அவர்களில் பலர் கேட்டிருக்கவே மாட்டார்கள். அவர்களுடைய புத்திரர்களோ ஓஸோன் படலத்தைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவர்கள். அவ்வாலிபர்கள் நடுப்பகலில் வெறுந்தலையுடன் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். தலைக்கவசம் பெட்ரோல் டாங்கியின் மேல் அமர்ந்து சவாரி செய்கிறது. குடை பிடிப்பது கிழவர்களுக்குரிய காரியம் என்பது அவர்கள் கொள்கை.

கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் விஷயமாக ஒரு தனி ஏமாற்றமும் உண்டு. ஜூன் மாதத்தில் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் உடம்பு குளிர்கிறது. வெயில் தணிந்துவிட்டதென்று எல்லோரும் அசட்டையாகி விடுகிறார்கள். உஷ்ணம் வேறு, புற ஊதாக் கிரணம் வேறு. காற்று உஷ்ணத்தை ஆற்றுமேயன்றிக் கிரணத்தைச் சிறிதும் தடுக்காது. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாக மறைப்பதில்லை. இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குள் இருப்பதால், சூரியன் வருஷத்தில் இருமுறை உச்சிக்கு நேராக வருகிறான். ஏப்ரல் மத்தியில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் மறுமுறை. முந்தியதற்கு யாவரும் அஞ்சுகிறார்கள். முல்லைப் பெரியாற்று நீரில் முதற்போகம் வளரும் ஆகஸ்டில், பிந்தியதை நினைப்பவர் யார்? இக்கிரணத்தின் அளவு 3 ஆனாலே காப்புத் தேவை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நம் பிரதேசத்தில் நடுப்பகலில் அது 11-ஐயும் தாண்டுவதுண்டு.

“கறுத்த தோலை வெயில் என்ன செய்யும்?” என்று கேட்பார்கள். இதில் பாதி உண்மை. ஆஸ்திரேலியாவில் வெள்ளைத் தோலினரைத் தோல் புற்றுநோய் வாட்டியதால், சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி அணி என்று 1981-ல் பெரும் பிரசாரமே நடத்தினார்கள். நம்முடைய தோலின் கருநிறம் அந்நோயிலிருந்து நம்மைப் பெரிதும் காக்கிறது. ஆனால் கண்ணுக்கு அக்கவசம் போதாது. கண்ணில் சதை வளர்வதற்கும், புரை விழுவதற்கும் இக்கிரணம் ஒரு காரணம். வெப்பத் தாக்குதலோ தோலின் நிறத்தைப் பார்ப்பதேயில்லை.

வாலிபப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு போகிறார்களே எனலாம். பலருக்கு நிறம் மங்கிவிடுமோ என்ற கவலையே அதற்குக் காரணம். பலன் நல்லது, காரணந்தான் வருந்தத்தக்கது. களிம்பு வியாபாரிகள் இக்கவலையை நன்றாக அறிவார்கள்.

அறிவுக்கும் பழக்கத்துக்கும் உள்ள தூரத்தை 2024 அக்டோபர் 6-ம் தேதி சென்னைக் கடற்கரையில் கண்டோம். விமானப்படையின் சாகசக் காட்சி நடுப்பகலில் நடந்தது. குடை, தொப்பி, தண்ணீர் கொண்டு வரும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தும் லக்ஷக்கணக்கானோர் வெயிலில் நின்றனர். ஐவர் மாண்டனர். அதே மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லக்ஷம் ரூபாய் நிர்ணயித்தது. பணம் கொடுப்பது நியாயமே. ஆயினும் நடுப்பகலில் ஜனங்களை வெட்டவெளியில் கூட்டலாமா என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

அரசியல் ஊழியர்களாகிய நாமும் இதில் குற்றவாளிகளே. தலைவர் பந்தலில் வீற்றிருக்க, வாலிபத் தொண்டர் காலை 10 மணி முதல் கொடியேந்தி வெயிலில் நிற்பதைத் தியாகமென்று புகழ்ந்து வந்திருக்கிறோம். குடை கேட்பவனைக் கோழை என்று அவர்கள் எண்ணுவதற்கு நாமும் ஒரு காரணம். அடுத்த ஊர்வலத்துக்கு நோட்டீஸ் அச்சிடுவோர் நேரத்தை மாலை 5 மணி என்று போடட்டும். பகலில்தான் நடத்தியாக வேண்டுமென்றால், தொண்டருக்கும் பந்தலும் தண்ணீர்ப் பானையும் வைத்துவிட்டுத் தலைவரை அழைக்கட்டும்.