‘வீட்டில் விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள்

காம்பாக்டர் லாரியின் பின்பக்கப் படி, ஒரு ஆள் கால் வைக்கும் அகலம்தான் இருக்கும். குப்பையை அழுத்தும்போது பிழிந்து வடியும் கறுப்புச் சாறு முதலில் ஒழுகுவது அதன்மேல்தான். ரப்பர் செருப்போடு அதில் ஏறி இறங்குகிறார் தூய்மைப் பணியாளர். மழைநாளில் கேட்கவே வேண்டாம். விழுந்தால் மணிக்கட்டோ இடுப்போ முறியும்.

“பார்த்துப் போகக் கூடாதா?” என்பார் மேஸ்திரி. வேலைக்குப் பொருத்தமான காலணி, கையுறை, மழைக்கோட்டு தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருக்கின்றன. ரப்பர் செருப்பு எந்தக் கணக்கிலும் அந்தக் காலணி ஆகாது. சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்கவும் சட்டத்தில் இடமில்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டது என்றால் போதும். முதலாளியின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான வழக்குகள் கெடுவது ஆஸ்பத்திரி வாசலில். “வீட்டில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவை நான் பார்த்துக்கிறேன்” என்பார் கூடவே வரும் சூப்பர்வைசர். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. எந்தத் தெரு, எத்தனை மணி, எந்த வண்டி என்று உள்ளதைச் சொல்லுங்கள். பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த வண்டியையும் இடத்தையும் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களைக் குறித்துவையுங்கள். கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் சாட்சிதான்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால் சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சொன்னால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தந்த உரிமை, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கான்ட்ராக்டர் கைவிரித்தாலும், வேலையை ஒப்படைத்த மாநகராட்சியிடமே இழப்பீடு கேட்கலாம்.

இழப்பீட்டு மனு கொடுக்க விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு. கட்டுப் பிரிக்கும்வரை காத்திருக்காமல், சங்கத்திடமோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ உடனே போங்கள்.