பள்ளி முடித்த கையோடு கணவரிடம் வெளிநாடு: சந்தேகங்களும் விளக்கங்களும்

பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர், வண்டலூர் பக்கம் துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் ஏராளம். மாப்பிள்ளை இரண்டு வார லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்புகிறார். பெண் பின்னாலேயே போக வேண்டும். மண்டபத்துக்கும் நகைக்கும் காட்டும் அக்கறையைப் பெண்ணின் காகிதங்களுக்கு யாரும் காட்டுவதில்லை. அதனால்தான் கடைசி நேரத்தில் அலைச்சல். அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். வரன் நல்ல இடம். வருகிற ஆவணியிலேயே கல்யாணத்தை முடித்து அனுப்பலாமா?

முதலில் அவளுடைய பிறந்த தேதியைப் பாருங்கள். பிளஸ் டூ எழுதும்போது பலருக்கு 17 வயதுதான். 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் குற்றம்தான். நடத்தி வைத்தவர்களுக்கும் உடந்தையாக இருந்த பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், பெண்ணுக்கு விருப்பமா என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். நிச்சயம் செய்துவிட்டு ஓரிரு ஆண்டு காத்திருந்தால் வரன் ஓடிவிடாது. அதற்குள் கல்லூரியில் சேர்ந்துவிடலாம், பாஸ்போர்ட்டும் எடுத்துவிடலாம்.

பத்திரிகை, மண்டப ரசீது, போட்டோ ஆல்பம் எல்லாம் இருக்கிறது. இவற்றை வைத்து விசா வாங்க முடியாதா?

முடியாது. தூதரகங்கள் கேட்பது அரசுப் பதிவுச் சான்றிதழை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி எந்த மதத்தினரும் திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. பதிவுக்கு இருவரும் சார் பதிவாளர் முன் வந்து கையெழுத்திட வேண்டும். மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டால் அவர் அடுத்த லீவில் வரும்வரை விசா வேலை அப்படியே நிற்கும். எனவே கல்யாணத் தேதி குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறித்துவிடுங்கள். சான்றிதழில் உள்ள பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவற்றை இருவரின் பாஸ்போர்ட்டையும் அருகில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

மதிப்பெண் சான்றிதழில் ‘கவிதா எஸ்’ என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் எப்படிப் போடுவது? கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டுமா?

பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். ‘எஸ்’ என்பது அப்பா பெயரான சுப்பிரமணியன் என்றால், கவிதா என்பது கொடுக்கப்பட்ட பெயர், சுப்பிரமணியன் என்பது குடும்பப் பெயர். இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் பெயர் தாறுமாறாக அச்சாகும். அமீரகத்திலோ, ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவதற்கு 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

கணவர் பெயருக்கு மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பள்ளிச் சான்றிதழ் முழுக்க அப்பா பெயரில் இருக்கும்போது, பாஸ்போர்ட்டில் மட்டும் பெயரை மாற்றினால் பின்னாளில் படிக்கவும் வேலை தேடவும் போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டினால் குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும், அதைத் தவறாமல் இணையுங்கள். தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்.

அட்டஸ்டேஷன், அப்போஸ்டில் என்று ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்கிறார். இரண்டும் ஒன்றா?

இரண்டும் ஒன்றல்ல. அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், ஓமன், சவூதி, கனடா போன்றவையும் அதில் உள்ளன. இந்த நாடுகளுக்கு மாநில அரசின் சரிபார்ப்பும், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் போதும். அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே செல்ல, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வாங்க வேண்டும், இதுதான் அட்டஸ்டேஷன். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மற்றது சேவைக் கட்டணம். அமைச்சகம் அங்கீகரித்த முகமைகளிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பத்திரமாக இருக்கட்டும் என்று சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரை பெரும்பாலும் அசல் சான்றிதழின் பின்பக்கத்தில் விழும். பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டால் அதைப் பிரித்தெடுக்கும்போது காகிதமே கிழிந்துவிடக்கூடும்.

போன பிறகு அங்கே வேலைக்குப் போகலாமா?

நாட்டுக்கு நாடு விதி வேறு. கல்யாணம் பேசும்போதே மாப்பிள்ளைக்கு என்ன விசா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவரின் மனைவிக்கு ஹெச்-4 விசா. அதில் படிக்கலாம், வேலை செய்ய முடியாது. கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் வேலை அனுமதி கேட்கலாம். அந்த வசதி 2015 மே மாதம் வந்தது.

சிங்கப்பூரில் சார்ந்தோர் அனுமதி பெறக் கணவரின் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். வேலைக்குப் போக மனைவி தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். இது 2021 மே முதல் நடைமுறை.

அமீரகத்துக்கு மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவருக்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும்.

கனடாவில் 2025 ஜனவரி 21 முதல் எல்லோருடைய மனைவிக்கும் வேலை அனுமதி கிடைப்பதில்லை. கணவரின் பணித் தரத்தையோ படிப்பையோ பொறுத்தது.

பிரிட்டனுக்கு 2024 மார்ச் 11-க்குப் பிறகு புதிதாகப் பராமரிப்புப் பணியாளராகப் போனவர் மனைவியை அழைக்க முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் காட்ட வேண்டும்.

ஜெர்மனிக்குப் பொதுவாக ஏ1 நிலை ஜெர்மன் தேவை. கணவரிடம் ப்ளூ கார்டு இருந்தால் விலக்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் படித்துத் தேர்வும் எழுதலாம்.

விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் அன்று அந்நாட்டு அரசின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிடுமே?

நிற்க விடக் கூடாது. வெளிநாட்டில் பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல வேலை தேடுவது கடினம். முடிந்தவரை இங்கே ஒரு பட்டமோ டிப்ளமோவோ முடித்துவிட்டு அனுப்புங்கள். காத்திருக்க முடியாத நிலை என்றால் இக்னோவிலோ, சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சேரலாம். சேரும் முன் தேர்வை எங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ், பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களின் அசல்கள் பெண்ணோடு போகட்டும். நகல்கள் டிஜிலாக்கரிலும் அம்மா வீட்டிலும் இருக்கட்டும்.

போன இடத்தில் பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்வது?

கேட்கக் கூச்சப்படும் கேள்வி, ஆனால் எல்லோரும் கேட்க வேண்டியது. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் வாங்குங்கள். நிறுவனத்தில் நேரடியாக விசாரியுங்கள். பெண்ணின் பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்க வேண்டும், அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் வேண்டும். வெளிநாட்டில் குடியேறியதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். நகை கொண்டு போனால் விமான நிலையச் சுங்கத்துறையில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது தகராறு இல்லை.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793. அமீரகத்தில் இந்தியர்களுக்கான உதவி மைய எண் 800 46342. வெளிநாடுவாழ் இந்தியக் கணவர் தொடர்பான புகார்களைத் தேசிய மகளிர் ஆணையத்தின் என்ஆர்ஐ பிரிவு கவனிக்கிறது. இங்கே இருக்கும்போது மகளிர் உதவி எண் 181. இந்த எண்களைப் பெண்ணின் போனில் மட்டுமல்லாமல் ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

கணவரோடு சேர்ந்து வாழப் போவது வேறு, எல்லாவற்றுக்கும் அவர் கையை எதிர்பார்த்து வாழப் போவது வேறு. விசா கணவர் தயவில் வரலாம். படிப்பும் பாஸ்போர்ட்டும் பணமும் அவளுடையதாகவே இருக்கட்டும். பெற்றோர் செய்யும் சீரில் இதுவே முதலில் நிற்க வேண்டும்.