புகை எழுந்த மண்ணில் ஐந்து கட்டடங்கள்

1878ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து புறப்பட்ட கறுப்பின மக்கள் கூட்டமொன்று, கன்சாஸ் மாநிலத்தின் மேற்குப் புல்வெளியை வந்தடைந்தது. புகையிரதம் எல்லிஸ் என்னும் ஊரோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் குதிரைகளும் வண்டிகளுமே துணை. அக்கூட்டத்தில் வில்லியானா ஹிக்மன் என்னும் பெண்மணியும் இருந்தார். ஊர் வந்துவிட்டது என்று ஆடவர் ஆர்ப்பரித்தபோது அவர் நாற்புறமும் நோக்கினார். ஒரு வீட்டையும் காணவில்லை. ஊர் எங்கே என்று வினவினார். அவர்கள் சுட்டிக்காட்டிய திசையிலே, தரையினின்றும் ஆங்காங்கே புகை எழுந்துகொண்டிருந்தது. மனிதர் நிலத்தைக் குடைந்து அதனுள்ளே வாழ்ந்தனர்; அந்தப் புகையே ஊர். அதைக் கண்டதும் தாம் அழத் தொடங்கியதாக அந்த அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவ்வூரின் பெயர் நிக்கொதேமஸ். இன்று அது கிரகாம் கவுண்டி என்னும் நாட்டுப்புறப் பகுதியிலே, அமெரிக்க அரசு வரலாற்றுச் சின்னமென ஏற்றுப் போற்றும் ஓரிடம். வரலாற்றுச் சின்னம் என்றதும் நம் மனக்கண்முன் வருவன கோட்டைகளும் கோபுரங்களும் அரண்மனைகளுமே. நிக்கொதேமஸில் அவை ஒன்றேனும் இல்லை. எளிய தோற்றமுடைய ஐந்து கட்டடங்களே அங்கு எஞ்சி நிற்கின்றன. எவரும் வியந்து நோக்கும் சிற்பமோ ஓவியமோ அவற்றில் இல்லை. அவ்வாறாயின் ஓர் அரசு அவற்றை ஏன் போற்ற வேண்டும்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே அடிமை முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் சட்டம் தந்த விடுதலையைத் தென்மாநிலங்களின் வாழ்க்கை தரவில்லை. நிலம் பழைய எசமானர் கையிலேயே இருந்தது. வாக்குரிமையும் உயிர்ப்பாதுகாப்பும் நாளுக்கு நாள் சுருங்கின. 1862இல் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டமோ, ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்வோர் 160 ஏக்கர் அரச நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள வழி திறந்து வைத்திருந்தது. இந்நிலையிலேதான் டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையரான நில முகவரும், சைமன் ரவுன்ட்ரீ முதலிய கறுப்பினத் தலைவர்களும் சேர்ந்து 1877இல் நிக்கொதேமஸை நிறுவினர். கென்டக்கியிலே துண்டுப்பிரசுரங்கள் பரவின. அவ்வாண்டு புரட்டாதி மாதத்திற்குள் முந்நூறு பேரளவில் வந்து சேர்ந்தனர்.

வந்தவர்க்கு வாய்த்தது மரமற்ற வெளி. பலகை இல்லை, விறகு இல்லை. ஏருமில்லாத பலர் மண்வெட்டி கொண்டே நிலத்தைக் கொத்தினர். மனமுடைந்து வந்த வழியே மீண்டவர்களும் உளர். முதற் குளிர்காலத்திலே, வேட்டையாடித் திரும்பிய ஓசேஜ் என்னும் முதற்குடியினர் தமது இறைச்சியைப் பகிர்ந்து அவர்களைக் காத்தனர் என்பது அவ்வூரில் வழிவழியாக வரும் செய்தி.

பத்தாண்டு கழிவதற்குள் அந்நிலவறைகளுக்கு மேலே ஓர் ஊர் எழுந்தது. கடைகளும் விடுதியும் ஆலயங்களும் தோன்றின. இரண்டு பத்திரிகைகள் வெளிவந்தன. அங்கு குடியேறியிருந்த எட்வர்ட் மக்கேப் என்பவர் 1882இல் கன்சாஸ் மாநிலக் கணக்காய்வாளராக மக்களால் தெரிவு செய்யப்பட்டார். அம்மாநிலம் முழுவதற்குமான பதவியொன்றை வென்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் 1888இல் விதி வேறுவிதமாகத் திரும்பியது. எதிர்பார்த்த புகையிரதப் பாதை நிக்கொதேமஸுக்கு வராமல் சொலமன் ஆற்றின் மறுகரை வழியே சென்றது. வணிகர் பலர் தம் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு, பாதையோரத்தில் எழுந்த போக் என்னும் புதிய ஊருக்குப் போயினர். 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் எஞ்சியோரையும் கலைத்தன. 1953இல் தபாற்கந்தோரும் மூடப்பட்டது.

இனி அந்த ஐந்து கட்டடங்களைப் பார்ப்போம். 1880களின் தொடக்கத்தில் எழுந்த செயின்ட் பிரான்சிஸ் விடுதி ஒன்று. முதல் தபாலதிபரான சக்கரி பிளெச்சரும் முதல் ஆசிரியையான அவர் மனைவி ஜெனியும் வாழ்ந்த இல்லம் அது. 1885இல் சுண்ணக்கல்லால் கட்டப்பெற்ற ஆபிரிக்க மெதடிஸ்த எபிஸ்கோப்பல் ஆலயம் மற்றொன்று. 1907இல் எழுந்த முதலாம் பப்திஸ்து ஆலயம், 1918ஆம் ஆண்டின் பாடசாலை, 1939இல் அரசின் வேலையின்மை நிவாரணத் திட்டத்தின்கீழ்க் கட்டப்பெற்ற ஊர் மண்டபம் ஆகியவை ஏனைய மூன்று. இல்லம், வழிபாடு, கல்வி, ஊராட்சி ஆகிய நான்கும் அடிமை வாழ்வில் மறுக்கப்பட்டவை. மறுக்கப்பட்டவற்றுக்கெல்லாம் தம் கையாலேயே சுவரெழுப்பிக் கூரையும் வேய்ந்தார்கள். இக்கட்டடங்களின் அழகு அதுவே.

அமெரிக்காவிலே 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரலாற்றிடங்களுக்கான தேசியப் பதிவேடொன்று பேணப்படுகிறது. பெரும்பாலும் ஐம்பதாண்டு கடந்தவையே அதில் இடம்பெறும். கட்டடக் கலைச் சிறப்பு மட்டுமன்றி, நாட்டின் வரலாற்றோடு கொண்ட தொடர்பும் தகுதியாகும். அவ்வகையில் நிக்கொதேமஸ் 1976இல் தேசிய வரலாற்று அடையாளச் சின்னமாயிற்று. 1996இல் அங்கே தேசிய வரலாற்றுத் தலமொன்று நிறுவப்பட்டது. இதே கவுண்டியில், குன்றொன்றின் உச்சியிலே கற்களை வரிசையாக இட்டு ஆக்கிய பெனோக்கீ மனித உருவமும் பதிவேட்டில் உள்ளது. அதனை அமைத்தோர் பெயரை எவரும் அறியார். நிக்கொதேமஸ் மக்களின் பெயர்களை நாம் அறிகிறோம். அந்த அளவில் அவர்கள் பேறு பெற்றவரே.

எனினும் பதிவேடு யாவற்றையும் காத்துவிடாது. பதிவு பெற்ற ஒரு கட்டடத்தைத் தனியார் தம் சொந்தப் பணத்தில் இடிப்பதை அச்சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்படும்போதுதான், சின்னத்துக்கு நேரக்கூடிய தீங்கை எண்ணிப் பார்க்குமாறு அது அரசைக் கட்டாயப்படுத்துகிறது. இன்னொன்றும் உண்டு. ஊரின் உண்மையான தொடக்கமாகிய நிலவறைகளில் ஒன்றேனும் அந்த ஐந்தில் இல்லை. மண்ணில் தோண்டியவை மண்ணாகவே போய்விட்டன. கல்லால் கட்ட இயன்றவனின் நினைவு நிற்கிறது. மண்ணுக்குள் முடங்கியவனின் நினைவை அவன் வழிவந்தோரே சுமக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் சுமக்கிறார்கள். இன்று அங்கு வாழ்வோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆயினும் ஆண்டுதோறும் ஆடி மாதத்திலே, ஜூலையின் இறுதி வாரத்தில், தூரத்து நகரங்களிலிருந்து அவ்வூர் வழித்தோன்றல்கள் திரண்டு வருகின்றனர். பிரித்தானியப் பேரரசிலே அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஓகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்ததைக் கொண்டாடியதிலிருந்து முளைத்த விழா அது.

அந்தச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்திருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இத்தீவில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்தான். அடிமைகள் யாழ்ப்பாணத்திலும் இருந்தனர். கோட்டைகளின் கற்களை நாம் எண்ணி வைத்திருக்கிறோம். அந்த மனிதர் முதன்முதலில் தமக்கென வேய்ந்த கூரை எது என்று தேடியிருக்கிறோமா?

நிக்கொதேமஸ் மக்களும் எல்லாவற்றையும் காக்கவில்லை. எஞ்சிய ஐந்தைக் காத்தனர். ஊர் எங்கே என்று அன்று கேட்ட பெண்மணிக்கு, புகையைச் சுட்டியே விடை சொன்னார்கள். இன்று அதே வினாவோடு வருகின்ற குழந்தைக்குச் சுட்டிக்காட்ட அங்கே ஐந்து சுவடுகள் உள்ளன. சுட்டிக்காட்ட ஒரு கையும் உள்ளது. சுவரினும் பெரிய செல்வம் அந்தக் கையே.