சத்தேற்றிய ரொட்டியும் ஹலால் நியமமும்

முண்டியம்பாக்கம் வட்டாரத்துக் கரும்பு ஆலையில் அரைபட்டுச் சர்க்கரையாவது யாவரும் அறிந்ததே. இனிப்பு ரொட்டியில் சேர்வது சர்க்கரை. மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்காளானும், சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாஸஸ் பாகில் வளர்க்கப்படுவதே. ஆகவே, ‘இந்த ரொட்டி ஹலாலா?’ என்று முஸ்லிம் குடும்பத்தார் வினவுவது கரும்புக் குடியானவரையும் சார்ந்த விஷயமாகும்.

கோதுமை, உப்பு, நீர் இவற்றில் விலக்கு ஏதுமில்லை. பன்றி, முறைப்படி அறுக்கப்படாத பிராணி, இரத்தம், போதைப்பொருள் ஆகியவை விலக்கு. எனவே ருசிக்காகவும் சத்துக்காகவும் பின்னர்ச் சேர்ப்பவை எதிலிருந்து வந்தன என்பதையே ஆராய வேண்டும்.

அயல்நாட்டு ஆலைகள் சில, சர்க்கரையை எலும்புக் கரியால் வெளுப்பதுண்டு. நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையுமே சாற்றைத் தெளிவிக்கின்றன. ஈஸ்ட் பொங்குகையில் சிறிது சாராயச் சத்து உண்டாயினும், பெரும்பகுதி அடுப்பின் சூட்டில் ஆவியாகிவிடும், போதை தராது. மார்க்க அறிஞர்கள் பொதுவாக இதனை விலக்குவதில்லை.

2018ஆம் ஆண்டு விதிகளின்படி செறிவூட்டிய மாவில் இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 ஜீவசத்து ஆகியவை சேர்கின்றன. பி12 நுண்ணுயிர்களைக் கொண்டு தயாராவது. ஐயத்திற்கு இடமானவை வேறு. 471 என்னும் எண்ணுடைய கொழுப்புப் பொருள் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். மாவை இளக்கும் 920, இறகு அல்லது மயிரிலிருந்தும் எடுக்கப்படும். நுண்ணுயிர் மூலமாகவும் செய்யப்படும்.

உறையிலுள்ள பச்சை வட்டக் குறி, மிருகக் கொழுப்பும் இறகும் இல்லையெனக் காட்டும். ஆனால் வாசனைச் சாரம் சாராயத்தில் கரைக்கப்பட்டதா என்பதை அது கூறாது. பழுப்புக் குறி கண்டவுடன் ஹராம் எனத் தள்ளுவதும் சரியன்று. முட்டை சேர்ந்ததற்காகவே அக்குறி இடப்பட்டிருக்கலாம், கோழிமுட்டையோ ஹலாலே.

உறையின்றி விற்கும் பன்களுக்குக் குறியே இராது. எந்தக் கொழுப்பு சேர்த்தாரெனச் செய்தவரிடமே கேட்டறிதல் நலம். பொது விருந்துகளில் ரொட்டி வழங்கும் கிராம உத்தியோகஸ்தர்கள், பந்தி முடியும் வரை உறைகளை எறியாது வைத்திருந்து, கேட்பவருக்குக் காட்டுவார்களாக. ஐயம் தீர்ந்தபின் உண்பதே விருந்தினருக்கு மனநிறைவு தரும்.