பன்ஹார்ட் தண்டு

பன்ஹார்ட் தண்டு என்பது காரின் பின் அச்சு இடவலமாக நகராமல் தடுக்கும் உலோகத் தண்டு ஆகும். இதன் ஒரு முனை அச்சிலும், மறுமுனை எதிர்ப்பக்கத்தில் சேசிஸ் அல்லது உடற்பகுதியிலும் ரப்பர் புஷ் கொண்டு இணைக்கப்படும். பிரான்சு நாட்டின் பன்ஹார்ட் நிறுவனத்தின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

தேவை

லீஃப் ஸ்பிரிங் கொண்ட கார்களில் அந்த ஸ்பிரிங்கே அச்சை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பிடித்துக்கொள்ளும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகியவை இவ்வகை. காயில் ஸ்பிரிங் எடையை மட்டுமே தாங்கும். அச்சைப் பக்கவாட்டில் பிடிக்காது. எனவே ஃபியட் 124 போன்ற காயில் ஸ்பிரிங் கார்களில் இத்தண்டு கட்டாயமாகிறது.

தண்டின் நீளமும் சாய்வும்

அச்சு மேலும் கீழும் அசையும்போது தண்டின் முனை நேர்கோட்டில் அல்லாமல் வட்டவில்லில் நகர்கிறது. அதனால் அச்சு சற்றே பக்கவாட்டில் இழுபடும். 800 மி.மீ. நீளத் தண்டு கிடைமட்டமாக இருந்து, சக்கரங்கள் 50 மி.மீ. உயர்ந்தால் இந்த நகர்வு சுமார் 1.6 மி.மீ. மட்டுமே. தண்டு 400 மி.மீ. ஆனால் அது 3.1 மி.மீ. ஆகிவிடும்.

சாய்வு இதைவிடப் பெரிய கேடு. அதே 800 மி.மீ. தண்டின் ஒரு முனை முன்பே 50 மி.மீ. உயர்ந்திருந்து, மேலும் 50 மி.மீ. உயர்ந்தால் நகர்வு சுமார் 4.7 மி.மீ. ஆகும். மேலும், சாய்ந்த தண்டின் வழியே வரும் பக்கவிசை ஒரு திருப்பத்தில் உடலை மேலே தூக்கும். எதிர்த் திருப்பத்தில் கீழே இழுக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக்கு அருகிலுள்ள ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடங்களில், இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் கார் நடந்துகொள்ள இதுவும் காரணமாகலாம். ஆகவே தண்டு இயன்றவரை நீளமாகவும், வழக்கமான சுமையில் கிடைமட்டமாகவும் இருக்க வேண்டும்.

உயரம்

தண்டு காரின் நடுத்தளத்தை வெட்டும் புள்ளியே பின்பக்க உருள் மையம். அது உயர்ந்தால் உடல் சாய்வது குறையும். ஆனால் திருப்பத்தில் பின் சக்கரங்களுக்கிடையே எடை மாறுவது கூடி, பின்பக்கம் வழுக்கும் வாய்ப்பு மிகும். தாழ்ந்தால் உடல் அதிகம் சாயும்.

லீஃப் ஸ்பிரிங் காரில் தண்டைப் புதிதாகச் சேர்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கென ஓர் உருள் மையம் ஏற்கனவே உண்டு. தண்டு வேறு உயரத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, புஷ்களைத் தேய்த்துவிடும்.

பொருத்தும் முறை

1. காரைச் சக்கரங்களின் மீது நிறுத்தி, வழக்கமான சுமையுடன் அளவெடுக்க வேண்டும். ஜாக்கியில் உடலைத் தூக்கினால் அச்சு தொங்கி அளவு தவறும்.
2. சேசிஸ் பக்கப் பிராக்கெட்டை மெல்லிய தகட்டில் பற்றவைக்கக் கூடாது. பக்கவிசை முழுவதும் அங்கே வருவதால் தகடு கிழியும். ஓடும்போது கிழிந்தால் அச்சு கட்டுப்பாடின்றி நகரும்.
3. அச்சுக்குழாயில் ஒரே மூச்சில் பற்றவைத்தால் வெப்பத்தால் குழாய் வளையும். சிறுசிறு பகுதிகளாக, ஆறவிட்டுச் செய்ய வேண்டும்.
4. அச்சு முழுதாக ஏறி இறங்கும்போது டிஃபரென்ஷியல், சைலன்சர் குழாய், பெட்ரோல் டேங்க் எதிலும் தண்டு உரசக் கூடாது.
5. இருபுறமும் சக்கரத்துக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைச் சமமாக்கிய பிறகே, கார் தரையில் நிற்கும் நிலையில் புஷ் போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

வாட் இணைப்பு

பன்ஹார்ட் தண்டின் பக்க நகர்வை ஏறக்குறைய முழுதும் நீக்குவது, ஜேம்ஸ் வாட் வகுத்த இணைப்பு முறை. இதில் இரு தண்டுகள் நடுவில் சுழலும் ஒரு துண்டுடன் சேர்கின்றன. 1976இல் வந்த ரோவர் எஸ்டி1 காரின் பின் அச்சில் இம்முறை இருந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் 1985 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் 2000, இந்த ரோவர் காரை அடிப்படையாகக் கொண்டது. பாகங்களும் இணைப்புகளும் கூடுதல் என்பதால், எளிமையும் குறைந்த செலவும் வேண்டிய கார்களில் பன்ஹார்ட் தண்டே நிலைத்தது.