மாமாவின் ஸ்கிராம்ளர்: இருபது வயதைத் தாண்டிய வண்டியைக் காப்பாற்றுவது எப்படி?

என்னோடு படித்தவர்களில் பலர் வேலை கிடைத்த முதல் ஆண்டிலேயே புது மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். எனக்கு வாய்த்தது மாமாவின் பழைய சுஸுகி டிஆர்-இசட் 400எஸ். 2002இல் சிங்கப்பூரில் பதிவானது. மாமாவுக்கு முட்டிவலி வந்தபிறகு சாவியை என் கையில் கொடுத்து, "எண்ணெயை மட்டும் பாத்துக்கடா, மத்ததெல்லாம் அதுவே ஓடும்" என்றார். எண்ணெயைப் பார்ப்பதே ஒரு பெரிய வேலை என்பதும், மற்றதெல்லாம் அதுவாக ஓடாது என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. பழைய வண்டி வைத்திருக்கும் பேரவை நண்பர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கும் உதவும் என்பதால் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடக்கூடிய இவ்வகை வண்டியை டூயல் ஸ்போர்ட் என்பார்கள். நம் ஊரில் ஸ்கிராம்ளர் என்றால்தான் புரியும். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். இருக்கை தரையிலிருந்து 93 சென்டிமீட்டருக்கும் மேல். என் உயரத்துக்குச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒரு கால்தான் தரையில் படும். 398 சிசி என்பதால் 2ஏ உரிமம் போதும். சிங்கப்பூரில் இதை ஓட்ட மண்பாதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். குளுவாங்கில் உறவினர் வீட்டுக்குப் போகும் செம்பனைத் தோட்டத்துச் சாலைக்காகத்தான் மாமா இதை வாங்கினார்.

இந்த வண்டிக்கு ஒரு கெடு உண்டு. 2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள், பழம்பெரும் வாகனங்களுக்கான தனித்திட்டங்களில் உள்ளவை நீங்கலாக, 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட முடியாது. புகையைக் குறைப்பதற்காக 2018 ஏப்ரலில் வந்த அறிவிப்பு இது. ஐந்து ஆண்டுகளுக்குள் பதிவை நீக்கிக்கொள்பவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் தந்தார்கள். மாமா அந்தப் பணத்தை வாங்கவில்லை. "சாகப்போற வண்டிக்கு எதுக்குடா செலவு?" என்று அம்மா இன்றும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். அதனால் எந்தப் பொருளை வாங்கும் முன்பும் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இது இல்லாவிட்டால் வண்டி என்னை நடுவழியில் நிறுத்துமா, அல்லது கீழே தள்ளுமா? இரண்டும் இல்லையென்றால் பணத்தைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துவிடுவேன்.

முதலில் எண்ணெய். இந்த எஞ்சினில் எண்ணெய் முழுவதும் அடிப்பகுதியில் தேங்கி இருப்பதில்லை. பெரும்பகுதி வண்டியின் சட்டத்துக்குள் இருக்கிறது. கைப்பிடிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மூடியோடு அளவுக்குச்சியும் சேர்ந்திருக்கும். வண்டி இரவெல்லாம் நின்றால் சட்டத்தில் உள்ள எண்ணெய் மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும். காலையில் குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெயே இல்லாததுபோல் இருக்கும். ஒரு பட்டறையில் அப்படித்தான் பார்த்து, "ரொம்பக் குறைஞ்சிருக்கு" என்று அரை லிட்டருக்கு மேல் ஊற்றிவிட்டார்கள். மொத்தமே இரண்டு லிட்டருக்குக் குறைவாகப் பிடிக்கும் எஞ்சின் அது. மிஞ்சிய எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே காற்றுப்பெட்டிக்குள் பாய்ந்து, வடிகட்டியை நனைத்து, உட்லண்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் என் கால்சட்டையையும் நனைத்தது. சரியான முறை இதுதான்: வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, மூன்று நிமிடம் நின்றபடி ஓடவிட்டு, அணைத்து, இன்னும் சில நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். எண்ணெய் மாற்றும்போதும் சட்டத்தில் ஒன்று, எஞ்சினில் ஒன்று என்று இரண்டு வடிதிருகுகளையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் பாதிப் பழைய எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது இந்த வண்டியின் பெயர்பெற்ற நோய். எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் கேம் செயின் தொய்யாமல் இருக்க, ஒரு சிறிய முட்டுக்கருவி ஸ்பிரிங் விசையால் தானாகவே அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். வயதானால் அது சிக்கிக்கொள்கிறது. செயின் தொய்கிறது. சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது இடப்பக்கத்திலிருந்து டப்பாவில் கூழாங்கல் உருள்வதுபோல ஒரு சத்தம் வரும். "பழைய வண்டின்னா சத்தம் வரத்தானே செய்யும்" என்று நான் ஆறு மாதம் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். தொய்ந்த செயின் பற்சக்கரத்தில் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு எஞ்சின் முடிந்தது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் எஞ்சினோடு நிற்காது.

இதற்கு மாற்று, கையால் திருகி வைக்கும் முட்டுக்கருவி. ஒரு போல்ட், ஒரு நட், வேறொன்றும் இல்லை. ஸ்பிரிங் இல்லாததால் சிக்கிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் அவ்வப்போது சத்தத்தைக் கேட்டு நாமே திருகிச் சரிசெய்ய வேண்டும். அளவுக்குமேல் இறுக்கினால் செயினைத் தாங்கும் சட்டம் தேய்ந்துபோகும். தானே செய்துகொள்ளும் கருவியை எடுத்துவிட்டு நாம் செய்யும் கருவியை வைப்பது முன்னேற்றமா என்று ஒரு பொறியியல் நண்பன் கேலி செய்தான். வண்டியை ஒருநாளும் கவனிக்காதவருக்கு இது வேண்டாம்; அவர் புதிய தானியங்கிக் கருவியையே வாங்கிப் பொருத்தட்டும். நான் திருகுவதையே தேர்ந்தெடுத்தேன்.

போல்ட்டுகள் தளர்வது இன்னொரு தொல்லை. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிற்கும் இடத்திலேயே உடம்பை உதறிக்கொண்டிருக்கும். இடப்பக்க மூடிக்குள் மின்சாரம் உற்பத்தியாகும் சுழலி, அதன் பின்னால் ஸ்டார்ட்டர் கிளட்ச், வெளியே முன்பக்க ஸ்புரோக்கெட்டின் நட், இவையெல்லாம் தளரக்கூடியவை என்று இந்த வண்டியை அறிந்தவர்கள் சொல்வார்கள். பழைய பசையைச் சுரண்டி, சுத்தம் செய்து, திருகு தளராமல் பிடிக்கும் சிவப்புப் பசையைத் தடவி, டார்க் ரெஞ்ச் கொண்டு குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். பசை விலை அதிகமில்லை. சுழலியைக் கழற்ற அதற்கென்று உள்ள இழுப்பான் தேவை என்பதால் அதை மட்டும் காக்கி புக்கிட்டில் செய்துகொண்டேன். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெட்ரோல் குழாயின் திறப்பானும் கவனிக்கவேண்டிய ஒன்று. எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் காற்றின் விசையால் தானே திறந்து, நின்றதும் தானே மூடிக்கொள்ளும் வகை. உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு காய்ந்து வெடித்தால், வண்டி நிற்கும்போதும் பெட்ரோல் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அளவுக்குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அந்த எண்ணெய்க்கு வழுவழுப்பே போயிருக்கும். கையால் திறந்து மூடும் சாதாரணத் திறப்பானை மாட்டினால் தீர்ந்தது. மூட மறக்காதவர்களுக்கு மட்டும்.

வால்வு இடைவெளியைப் பற்றி ஒரு சொல். உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.20 முதல் 0.30. வால்வு தன் இருக்கையில் தேயத் தேய இந்த இடைவெளி குறையும், சத்தமும் குறையும். அதனால்தான் எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று மகிழ்வது ஆபத்து. இடைவெளி அறவே போய்விட்டால் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும்.

இனி, எல்லாரும் ஆசையோடு கேட்கும் மேம்பாடுகள். காற்றுப்பெட்டியின் மேல்மூடியில் மூன்று அங்குலச் சதுரம் வெட்டி, கார்புரேட்டரில் பெரிய ஜெட் மாட்டி, சத்தமான புகைக்குழாய் வைப்பது அமெரிக்காவில் இந்த வண்டிக்குச் செய்யும் முதல் வேலை. வண்டி சுறுசுறுப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் நமக்கு ஆண்டுதோறும் பரிசோதனை இருக்கிறது. பழைய வண்டிகளுக்கான புகை வரம்பு 2023இலிருந்து இன்னும் இறுக்கமானது. புகைக்குழாயை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளும் உண்டு. நான் எதையும் வெட்டவில்லை. வெட்டாமலேயே முதல் முறை புகைச் சோதனையில் தோற்றேன். காரணம் என் அதிகப்படி அக்கறை. நுரை வடிகட்டியைக் கழுவி, சொட்டச் சொட்ட எண்ணெய் தடவி மாட்டியிருந்தேன். காற்று போதாமல் பெட்ரோல் மிகுந்துவிட்டது. வடிகட்டியை நன்றாகப் பிழிந்து மாட்டி, அடைத்திருந்த சிறிய ஜெட்டைச் சுத்தம் செய்து, எரிபொருள் திருகைச் சற்று உள்ளே திருகியதும் அடுத்த வாரம் தேறியது. நின்றபடி ஓடும்போது வரும் புகையைத் தீர்மானிப்பது இந்தச் சிறிய ஜெட்டும் திருகும்தான். பெரிய ஜெட் அல்ல.

நான் பணம் கொடுத்து வாங்கிய மேம்பாடுகளில் முதலாவது, எஞ்சினின் இருபக்க மூடிகளுக்கும் அலுமினியக் கவசம். வண்டி சாய்ந்து விழுந்தால் கியர் மிதியோ பிரேக் மிதியோ மெல்லிய மூடியைக் குத்தி ஓட்டையாக்கிவிடும். எண்ணெய் முழுவதும் மண்ணில் கொட்டிவிட்டால், தோட்டத்து நடுவில் கைத்தொலைபேசிக்கு அலைவரிசையும் இல்லாமல் நிற்கவேண்டியதுதான். இரண்டாவது, முன்பக்க ஸ்புரோக்கெட்டை 15 பல்லிலிருந்து 14ஆக மாற்றியது. செம்மண் ஏற்றத்தில் வண்டி சுகமாக ஏறுகிறது. அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு விழுக்காடு கூடுதலாகச் சுழல்வதால் நெடுஞ்சாலையில் கை மரத்துப்போகிறது. கியர் ஐந்துதான், ஆறாவதைத் தேடி என் கால் இன்றும் ஏமாறுகிறது. நெடுந்தூரம் போகும் வாரத்தில் மீண்டும் 15 மாட்டிவிடுகிறேன்.

பத்து லிட்டர் கலன் 200 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் காடுதான். பெரிய கலன் வாங்க ஆசை வந்தது. கெடுவை நினைத்து, இரண்டு லிட்டர் பெட்ரோல் டின் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

உதிரிபாகம் கிடைக்காது என்று பயமுறுத்துபவர்களை நம்பாதீர்கள். இந்த வண்டி அமெரிக்காவில் 2024 மாடல் வரை கார்புரேட்டரோடேயே விற்பனையானது. இதே எஞ்சின் சுஸுகியின் நான்கு சக்கர எல்டி-இசட் 400இலும் இருந்தது. கவாசாகியும் சில காலம் இதே வண்டியைக் கேஎல்எக்ஸ் 400 என்ற பெயரில் விற்றது. 2024 நவம்பரில் மிலானில் அறிமுகமான டிஆர்-இசட் 4எஸ்ஸில் கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்தல் வந்துவிட்டது. மாமாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "எண்ணெய்க் குச்சி எங்கடா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பின்சக்கர இணைப்புக் கம்பிகளின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைப்பது இன்னும் பாக்கி. தொழிற்சாலையில் கஞ்சத்தனமாகத்தான் வைத்திருப்பார்கள். தீபாவளி விடுமுறைக்குக் குளுவாங் போவதற்குள் முடித்துவிட வேண்டும். இந்த முறை மாமாவும் பின்னால் உட்கார்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.