மோனலிசாவைப் பார்த்து வரைந்த மாணவர்

"பார்த்து எழுதாதே" என்று வகுப்பில் நாங்கள் கண்டிப்பது வழக்கம். ஆனால் மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் மாணவர்கள் எண்ணெய் வண்ண ஓவியம் கற்றதே குருவின் படத்தைப் பார்த்து வரைந்துதான். அதற்கு ஒரு சாட்சி உண்டு.

ஸ்பெயினின் பிராடோ அரும்பொருளகத்தில் இன்னொரு மோனலிசா இருக்கிறது. அதன் பின்னணி முழுவதும் கறுப்பாக இருந்தது. பிற்காலத்தில் யாரோ செய்த சாதாரண நகல் என்றே அதை நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

அகச்சிவப்புக் கதிர்கள் பல வண்ணங்களை ஊடுருவிச் செல்லும். கரியால் வரைந்த கோடுகளோ அவற்றை உட்கவரும். அதனால் வண்ணத்துக்கு அடியிலுள்ள கோடுகள் சிறப்புக் கேமராவில் கறுப்பாகத் தெரியும். அப்படிப் பார்த்தபோது, லியோனார்டோ டா வின்சி தம் ஓவியத்தில் மாற்றி வரைந்து, வண்ணத்தால் மூடிய திருத்தங்கள் இந்த நகலின் அடியிலும் இருந்தன! முடிந்த ஓவியத்தைப் பார்ப்பவருக்கு மறைந்துபோன திருத்தம் எப்படித் தெரியும்? குரு வரைய வரைய, பக்கத்திலேயே மாணவர் ஒருவரும் வரைந்திருக்கிறார் என்று பிராடோ 2012இல் அறிவித்தது. கறுப்புப் பூச்சை அகற்றியதும், பாரிசில் உள்ள அசலில் காணும் மலைக்காட்சியும் வெளிப்பட்டது.

கோட்டைப் பிடித்துவிட்ட மாணவருக்கு நிழல்தான் வசப்படவில்லை. எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வாயுவுடன் வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. ஒரு பூச்சு காயவே பல நாள்கள் ஆகலாம். லியோனார்டோ பொறுமையாக, முகத்தின் நிழலில் ஒளி ஊடுருவும் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 2010இல் எக்ஸ்ரே கருவி கொண்டு அளந்தபோது, அந்த அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தே அதிகபட்சம் 30 முதல் 40 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியைவிட மெல்லியது! மாணவர் வரைந்த முகத்திலோ விளிம்புகள் வெட்டினாற்போல் தெரிகின்றன. இரு படங்களையும் அருகருகே வைத்து, உதட்டோரத்தை மட்டும் பாருங்கள்.